ஆர்ட் கேலரியில் வெறும் குரலை வைத்து ஒரு நிகழ்ச்சி: முதல்முறை செய்யப் போகிறவர்களுக்கு

பாட்டுக் கச்சேரி இல்லை, நாடகம் இல்லை, கவிதை வாசிப்பும் இல்லை. ஓவியங்கள் மாட்டிய ஒரு வெள்ளை அறைக்குள் ஒருவர் நின்றுகொண்டு, மைக் இல்லாமல், முனகுவது, இழுப்பது, கிசுகிசுப்பது, நாக்கைச் சொடுக்குவது, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சத்தம் எழுப்புவது என்று கால் மணி நேரமோ அரை மணி நேரமோ செய்கிறார். கேட்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நடந்துகொண்டே கேட்கிறார்கள். இதை நம் பக்கத்தில் செய்து பார்க்க ஆசைப்படுகிற ஆட்கள் கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் இருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: சங்கீதம் படித்திருக்க வேண்டுமா, இடம் யார் கொடுப்பார்கள், முதலில் என்ன செய்வது?

சங்கீதம் படித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தடை ஒன்றும் இல்லை. முதலில் செய்ய வேண்டியது கேட்பது. சுற்றி இருக்கிற சத்தத்தைக் கேட்பது, உங்கள் வாயைக் கேட்பது, அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அறையைக் கேட்பது. மேடையில் பாடுகிறவருக்கு மைக்கும் ஸ்பீக்கரும் துணைக்கு இருக்கின்றன, கேலரியில் உங்களுக்கு இருப்பது நான்கு சுவர்தான். அந்தச் சுவர்கள் என்ன செய்கின்றன என்று தெரியாமல் வாயைத் திறந்தால், பல மாத உழைப்பு ஐந்தே நிமிடத்தில் கரைந்துவிடும். எனக்கு நடந்திருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கலைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. 1916இல் ஜூரிச் நகரத்தில் ஹ்யூகோ பால் என்பவர் அர்த்தமே இல்லாத சொற்களை மட்டும் வைத்து ஒரு சிறு மேடையில் வாசித்தார். அவருக்குப் பின்னால் வந்த கர்ட் ஷ்விட்டர்ஸ், 1922 முதல் 1932 வரை பத்தாண்டுகள், வெறும் அசைகளை அடுக்கி நீண்ட ஒரு குரல் படைப்பைச் செய்துகொண்டே இருந்தார். இரண்டு பேருமே ஓவியர்கள், கவிஞர்கள் கூட்டத்தோடு இருந்தவர்கள், அதனால் இது தொடக்கத்திலிருந்தே சங்கீத சபையை விட ஓவியக்காரர்கள் பக்கத்தில்தான் வளர்ந்தது. 1969இல் மெரிடித் மங்க் நியூயார்க்கின் குகன்ஹைம் மியூசியத்துக்குள், அந்தச் சுழல் பாதை நெடுகக் குரல்காரர்களை நிறுத்தி நிகழ்த்தினார். அங்கே கட்டடமும் ஒரு வாத்தியமாகவே இருந்தது. இந்த வரலாறு தெரிந்தால்தான் ஆரம்பிக்கலாம் என்றில்லை, ஆனால் கேலரிக்காரரிடம் போய் நிற்கும்போது இரண்டு வரி சொல்லத் தெரிந்திருந்தால் உதவும்.

சத்தம் சேர்ப்பது

மூன்று வாரம் ஒதுக்குங்கள். செல்போனில் இருக்கிற ரெக்கார்டர் போதும். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் "பல்லடம் பல்லடம் பல்லடம்" என்று கண்டக்டர் கூப்பிடும்போது மூன்றாவது பல்லடத்தில் 'ப'வே இல்லாமல் போயிருக்கும், கவனித்துப் பாருங்கள். உழவர் சந்தையில் விடியற்காலையில் எடை சொல்லுகிற குரல், ஆட்டைப் பட்டிக்குள் ஓட்டும்போது நாக்கை மடித்துப் போடும் சத்தம், குடுகுடுப்பைக்காரர் தெருமுனையில் ஆரம்பித்து வாசலுக்கு வரும்வரை குரலை ஏற்றுகிற விதம், எல்லாமே சரக்குதான். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போனால் இன்னொன்று கிடைக்கும். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வாய் மூடியிருக்கும், சுற்றிலும் ஆயிரம் சத்தத்துக்கு நடுவில் அந்த இரண்டு பேரைச் சுற்றி மட்டும் ஒரு மௌனம் இருக்கும். அதையும் குறித்து வையுங்கள்.

பதிவு செய்ததை அப்படியே மிமிக்ரி செய்ய வேண்டாம். மிமிக்ரி நல்ல கலை, அதற்கு வேறு மேடை இருக்கிறது. இங்கே வேலை என்னவென்றால், அந்தச் சத்தத்தை எழுப்பும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. நான் தறிச் சத்தத்திலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு சோமனூர்ப் பக்கம், தூங்கும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். அதை வாயால் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அது ஒரே 'டக்டக்' இல்லை. நூலைச் சுமந்து போகும் நாடா ஒரு பக்கத்திலிருந்து அடிபட்டுப் போகும் சத்தத்துக்கு நாக்கு நுனி அண்ணத்திலிருந்து விடுபட வேண்டும், பலகை வந்து ஊடையை, அதாவது குறுக்கு நூலை, இடிக்கும் சத்தத்துக்கு உதடு மூடித் திறக்க வேண்டும், இரண்டுக்கும் அடியில் மோட்டாரின் முனகல் மூக்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வாயில். இதற்கு மட்டும் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

உடுக்கடிப் பாட்டு, ஒப்பாரி, குலவை போன்றவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதையை (பொன்னர் சங்கர் கதை) உடுக்கை அடித்துக்கொண்டு இரவு இரவாகப் பாடுகிறவர்களிடம் குரலைப் பற்றிக் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறுகிறது, பின்பாட்டுக்காரர் எங்கே மூச்சு கொடுக்கிறார், விடிகிற நேரத்தில் குரல் எப்படி உடைகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். ஆனால் அந்தக் குரல்கள் ஆள் இருக்கிற குரல்கள். அவர்களிடம் கேட்டு, காசு கொடுத்து, எங்கே எப்படிப் பயன்படுத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள், முடிந்தால் அவர்களையே கூட நிறுத்துங்கள். ஒப்பாரி இன்னும் கவனமான விஷயம். இழவு இல்லாத வீட்டில் ஒப்பாரிக் குரல் எழுப்பக் கூடாது என்று நினைக்கிற பெரியவர்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம், போன மாதம் யாரையாவது பறிகொடுத்தவரும் உட்கார்ந்திருக்கலாம். முதல் நிகழ்ச்சியில் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

வாயைத் தெரிந்துகொள்வது

பயிற்சிக்கு வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்து பிறக்கிற இடங்களாக எட்டைச் சொல்கிறது: தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மூக்கு என்றால் பத்து நிமிடம் ங், ஞ், ண், ந், ம், ன் மட்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் வழுக்கிப் போவது. நாளைக்கு இதழ் என்றால் ப், ம், வ், அப்புறம் எழுத்தில் இல்லாத உதட்டுச் சத்தங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றும் இங்கே நேரடியாக உதவுகின்றன. வல்லினம் வெட்டும், மெல்லினம் ரீங்கரிக்கும், இடையினம் ஓடும். ஒரு படைப்பைக் கட்டும்போது இப்போது வெட்டு வேண்டுமா ரீங்காரம் வேண்டுமா என்று யோசித்தாலே பாதி முடிவாகிவிடும்.

இதில் ஒரு எழுத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 'ழ்'. வசதியான ஒரு சுருதியில் "உ" என்று நீட்டுங்கள், குரலின் சுருதியை மாற்றவே கூடாது. அப்படியே நாக்கு நுனியை மெதுவாகப் பின்னால் மடித்து 'ழ்'க்குக் கொண்டுபோங்கள், போகும் வேகம் அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில் இருக்கட்டும். நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் இடைவெளி குறையும்போது, உங்கள் குரலுக்கு மேலே ஒரு மெல்லிய விசில் தனியாகக் கேட்கும். அது உங்கள் குரலுக்குள் ஏற்கெனவே இருக்கிற மேற்சுரங்களில் ஒன்று. நாக்கு மடிந்ததால் வாய்க்குள் இரண்டு அதிர்வுகள் நெருங்கி வந்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் தூக்கிக் காட்டுகின்றன. உதட்டைக் குவித்தும் விரித்தும் பார்த்தால் விசில் ஏறி இறங்கும். மங்கோலியா, ரஷ்யாவின் துவா பக்கத்துப் பாடகர்கள் ஒரே நேரத்தில் இரண்டு குரல் பாடுவதும் மேற்சுரத்தை வைத்துத்தான். ஆனால் அங்கே தொண்டை அழுத்தமும் சேரும், அதை நேரில் சொல்லித் தர ஆள் இல்லாமல் முயற்சிக்காதீர்கள். ழகரத்தில் எந்த அழுத்தமும் தேவையில்லை, பிறந்ததிலிருந்து பழகிய எழுத்து. முதலில் குளியலறையில் செய்து பாருங்கள், டைல்ஸ் சுவர் அந்த விசிலைப் பெரிதாக்கிக் காட்டும், ஒரு வாரத்தில் காது பிடித்துக்கொள்ளும்.

தொண்டை

வலித்தால் நிறுத்துங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. கரகரப்பான சத்தம், அலறல், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு எழுப்பும் சத்தம் எல்லாம் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தொடர்ந்து செய்யாமல் நடுநடுவே விடுங்கள். கிசுகிசுப்பு பாதுகாப்பானது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அறை முழுக்கக் கேட்க வேண்டும் என்று அழுத்திக் கிசுகிசுத்தால் அதுவும் தொண்டையை இறுக்கும். தொடங்குவதற்கு முன்னால், இளநீர்க் கடையில் தருகிற ஸ்ட்ராவை அரை டம்ளர் தண்ணீரில் விட்டு, "ஊ" என்று சத்தத்தோடு ஊதிக் குமிழி விடுங்கள், ஐந்து நிமிடம். குரல் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்லித் தருகிற பயிற்சிதான், குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகிற வேகத்தைக் குறைத்துச் சூடேற்றுகிறது.

நம் பக்கத்தில் இரண்டு விஷயம் கூடுதல். பஞ்சு மில்லிலோ தறியிலோ வேலை செய்கிறவர் என்றால் பஞ்சுத் தூசி தொண்டையில் இருக்கும், ஷிப்ட் முடிந்த உடனே பயிற்சி செய்யாதீர்கள். அப்புறம் ஆனி, ஆடி மாதக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று கோவையிலும் பொள்ளாச்சியிலும் வாயையே உலர்த்திவிடும், அந்த மாதங்களில் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடியுங்கள். குரல் கம்மி இரண்டு மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கஷாயம் குடித்துக்கொண்டே இன்னும் ஒரு மாதம் தள்ளாதீர்கள்.

இடம் கேட்பது

கோவையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் மாதிரி நிரந்தரமான ஓவியக் கூடங்கள் இருக்கின்றன, தனியார் கேலரிகள் இருக்கின்றன, காபிக் கடையோடு சேர்ந்த சின்னச் சுவர்களும் இருக்கின்றன. ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் கேலரி என்று பெயர் போட்ட இடம் கிடைக்காவிட்டால் நுண்கலை வகுப்பு நடக்கும் அறை, காலியான குடோன், பழைய தறிப்பட்டறை கூடப் போதும், சுவரில் யாராவது வரைந்ததை மாட்டிவிட்டால் அது கேலரிதான்.

கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே "சத்தம் போடப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பாட்டு நிகழ்ச்சி என்று சொல்லி இடம் வாங்கிவிட்டு அங்கே போய் முனகினால், அடுத்து வருகிறவருக்கும் கதவு மூடிவிடும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எத்தனை நிமிடம், எத்தனை பேர், மைக் உண்டா இல்லையா, எங்கே நிற்பேன், அதிகபட்சம் எவ்வளவு உரக்க வரும், இரண்டு நிமிட ஆடியோ ஒன்று. சுவரில் யார் ஓவியம் இருக்கிறதோ அவரிடமும் தனியாகக் கேளுங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஓவியரின் வேலைக்கு முன்னால் நின்று நீங்கள் அலறினால் பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி போடாத எண்ணெய் ஓவியத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். வல்லினத்தில் எச்சில் தெறிக்கும், அது இயற்கை, தரையில் மாஸ்கிங் டேப்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் உங்களுக்கும் நிம்மதி கேலரிக்காரருக்கும் நிம்மதி.

சட்டப்படி பார்த்தால், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கச் சொல்கின்றன, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் கூடாது என்கின்றன. நீங்கள் மைக் இல்லாமல் அறைக்குள் செய்வதால் அந்தச் சிக்கல் பெரிதாக வராது. ஆனாலும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று ஓர் அளவு இருக்கிறது, பக்கத்திலேயே மருத்துவமனையோ பள்ளிக்கூடமோ இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் முடிப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அலறல் கேட்டு யாராவது பதறி ஓடி வந்தால் அது அவர் தப்பு இல்லை.

அறையைக் கேட்பது

இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். குறைந்தது இரண்டு தடவை போங்கள், ஒரு தடவை பகலில், ஒரு தடவை நிகழ்ச்சி நடக்கிற அதே நேரத்தில். போனதும் பேச வேண்டாம். அறையின் நடுவில் நின்று ஐந்து நிமிடம் சும்மா கேளுங்கள்: ஏசி, டியூப்லைட், வெளியே அவிநாசி சாலையின் லாரி, மேல்மாடியில் நாற்காலி இழுப்பது. ஏசியை அணைக்க முடியுமா என்று அப்போதே கேட்டு வையுங்கள், நிகழ்ச்சி அன்று கேட்டால் ரிமோட் யாரிடம் என்பதே தெரியாது.

அப்புறம் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் எப்போது முழுசாக அடங்குகிறது என்று செல்போன் கடிகாரத்தில் பாருங்கள். இரண்டு சுவர்களும் நேருக்கு நேர் வெறுமையாக இருந்தால் கைதட்டலுக்குப் பின்னால் 'டர்ர்' என்று ஒரு படபடப்பு வரும், அந்த இடத்தில் வேகமான அசைகளைப் போட்டால் ஒன்றும் விளங்காது, இரண்டடி நகர்ந்து திரும்பத் தட்டிப் பாருங்கள். இப்படி அறை முழுக்கத் தட்டிக்கொண்டே போய், நல்ல இடம், கெட்ட இடம் இரண்டையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

அறையில் சத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கணக்கே ஓர் அருங்காட்சியகத்தில்தான் பிறந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. 1895இல் ஹார்வர்டின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவுக் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று, வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி நேரத்தில் பக்கத்து அரங்கத்திலிருந்து நாற்காலி மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் எளிது: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் நொடிக்கணக்கு கிடைக்கும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஒரு கேலரி என்று வையுங்கள், 320 கன மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் தங்கள் மேல் படுகிற சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று எடுத்தால், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த 304 சதுர மீட்டருக்கு உறிஞ்சும் பரப்பு 9 சதுர மீட்டர் அளவுக்கே வரும், சத்தம் 5 நொடிக்கு மேல் நிற்கும். அதே அறைக்குள் நாற்பது பேர் வந்து நின்றால்? உடுத்திய துணியோடு ஒரு ஆள் சுமார் அரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார். கணக்கு 2 நொடிக்கு இறங்கிவிடும்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் நிகழ்ச்சிக்கு ஒரு சின்ன கேலரியில் மூன்று நாள் தனியாகப் பழகினேன். காலி அறை. ஒரு "ம்" போட்டால் அது எழுந்து போய், சுற்றி வந்து, அடுத்த "ம்" மேல் உட்காரும், நான் ஒருவரே நான்கு பேராகக் கேட்டேன், படைப்பை முழுக்க அதை நம்பியே கட்டியிருந்தேன். அன்றைக்கு ஆட்கள் வந்து நிறைந்ததும் வாயைத் திறந்தேன், "ம்" என் வாய்க்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. திரும்பி வரவே இல்லை. பயத்தில் உரக்கப் போட்டேன், பத்தாவது நிமிடத்தில் தொண்டை எரிந்தது, பதினைந்து நிமிடத்தில் நிறுத்தினேன். அதற்கப்புறம் எப்போது பழகினாலும் பத்து நண்பர்களையாவது கூட்டிப்போய் உட்கார வைக்கிறேன். அது முடியாதபோது போர்வை, ஜமக்காளம், துணி மூட்டை எது கிடைக்கிறதோ அதைப் போட்டுப் பழகுகிறேன்.

கைதட்டிப் பார்த்த பிறகு அறையின் சுருதியைக் கண்டுபிடியுங்கள். சின்ன அறைகளில் இது துல்லியமாகத் தெரியும். சுவர் ஓரமாக நின்று, முடிந்த வரை கீழ்க்குரலில் "ஊ" என்று ஆரம்பித்து, மிக மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் நீங்கள் பலம் கூட்டாமலே சத்தம் திடீரென்று பெரிதாகும், மார்பில் அதிர்வு தெரியும். இரண்டு சுவர்களுக்கு நடுவில் 3 மீட்டர் என்றால் 57, 115, 172 ஹெர்ட்ஸ் பக்கம் அது நடக்கும், பிந்தைய இரண்டும் மனிதக் குரலுக்கு எட்டக்கூடியவை. ஆல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் தன் பேச்சைப் பதிவு செய்து, அதையே அந்த அறைக்குள் ஒலிக்கவிட்டுத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, கடைசியில் சொற்கள் எல்லாம் கரைந்து அறையின் சுருதிகள் மட்டும் மிஞ்சும்படி செய்து காட்டினார். நீங்கள் அதையே செய்ய வேண்டாம், ஆனால் அந்தச் சுருதி எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டு, நிகழ்ச்சியில் ஒரே ஒரு தடவை, ஆட்கள் எதிர்பார்க்காத நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். சுவர் பாடுவது போல இருக்கும்.

கட்டுவதும் குறித்து வைப்பதும்

முதல் தடவை 15 நிமிடம் போதும், இருபதைத் தாண்ட வேண்டாம். நான்கு சத்தத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தெரிந்த எல்லாவற்றையும் காட்ட ஆசை வரும், அப்படிக் காட்டினால் கேட்பவருக்குப் பொருட்காட்சி பார்த்த மாதிரிதான் இருக்கும். கிராஃப் தாளில் ஒரு கட்டம் பத்து நொடி என்று வைத்து, மேலே கீழே போகிற கோடாக வரைந்து, கோட்டுக்கு அடியில் எழுத்தை எழுதுங்கள்: ங், ழ், ப்-ப்-ப். நீட்ட வேண்டிய இடத்துக்கு அளபெடை மாதிரி எழுத்தை அடுக்கலாம். மௌனத்துக்கும் கட்டம் ஒதுக்குங்கள்.

மௌனத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பெரியவர். இரண்டாவது நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலையும்போது கிட்டே வந்து, "ஏங் கண்ணு, தறிச் சத்தந்தான அது?" என்றார். ஆமாங்க என்றேன். "நாப்பது வருசம் தறி ஓட்டியிருக்கறனுங் கண்ணு. ஊடை தீந்தா டப்புனு நின்னுருமே, அத உட்டுட்டியே." நான் பதினெட்டு நிமிடமும் நிறுத்தாமல் ஓட்டியிருந்தேன். தறி நிற்கும்போது தறிக்குடோனில் என்ன நடக்கும் என்று அவரே சொன்னார், மற்ற தறிகளின் சத்தம் அப்போதுதான் தனித்தனியாகக் காதில் விழுமாம், எந்தத் தறி என்று பார்க்காமலே தெரிந்துவிடுமாம். இப்போது அந்தப் படைப்பில் ஏழாவது நிமிடத்தில் சட்டென்று நிறுத்துகிறேன், இருபது நொடி. அந்த இருபது நொடியில் அறைக்குள் இருக்கிற மூச்சு, வளையல், வெளியே போகிற பஸ் எல்லாம் கேட்கும்.

அன்றைக்கு

நாற்காலி போடாதீர்கள், இழுக்கும் சத்தமே நிகழ்ச்சியைத் தின்றுவிடும். பவானி ஜமக்காளம் இரண்டு மூன்று வாடகைக்கோ வீட்டிலிருந்தோ கொண்டுவந்து விரியுங்கள். கனமான பருத்தி, டைல்ஸின் கூர்மையான எதிரொலியைக் குறைக்கும், அடித்தொண்டைச் சத்தத்தைத் தொடாது, அதனால் அறையின் சுருதி அப்படியே இருக்கும். அதோடு ஜமக்காளம் விரித்த இடத்தில் நம் ஆட்கள் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்குச் சுவர் ஓரமாக நாலைந்து ஸ்டூல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். டீயும் முறுக்கும் நிகழ்ச்சி முடிந்த பிறகு.

வாசலில் அரைப் பக்கம் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தத்துவம் வேண்டாம். "இது பாட்டு அல்ல. பதினெட்டு நிமிடம். நடுவில் உரத்த சத்தம் ஒரு தடவை வரும். எழுந்து நடக்கலாம், வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம்." இவ்வளவு போதும். உரத்த சத்தத்தைப் பற்றி எழுதுவது மரியாதைக்காக மட்டும் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள் எங்கே உட்காருவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மின்வாரியம் அன்றைக்குப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிறதா என்று இரண்டு நாள் முன்னாலேயே பாருங்கள். குரலுக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஓடினால் உங்கள் கிசுகிசுப்பு போச்சு.

தொடங்கும்போது அறிமுகப் பேச்சு இல்லாமல் தொடங்குங்கள். கூட்டம் அடங்குவதற்காகக் காத்திருக்காமல், அவர்கள் பேச்சுக்கு அடியிலேயே மெல்லிய "ம்" ஒன்றைப் பிடித்து வையுங்கள், பேச்சு தானாக வற்றிக்கொண்டே வந்து உங்கள் "ம்" மட்டும் நிற்கும். யாராவது சிரிப்பார்கள். முதல் இரண்டு நிமிடத்தில் சிரிப்பு வருவது இயல்பு, கூச்சம்தான் அப்படி வெளியே வருகிறது, அவர்களைப் பார்த்து முறைக்காதீர்கள், சிரிப்பின் சுருதியைக் கேட்டு அங்கே ஒரு சத்தம் போட்டுப் பாருங்கள். குழந்தை உங்களைப் போலவே திரும்பச் செய்தால் பெற்றோர் அதட்டுவார்கள், "பரவால்லீங்க, விடுங்க" என்று கையால் காட்டிவிடுங்கள். குழந்தையோடு இரண்டு தடவை மாற்றி மாற்றிச் சத்தம் போட்டுவிட்டு உங்கள் கிராஃப் தாளுக்குத் திரும்பலாம்.

முடிக்கும்போது கடைசிச் சத்தம் அறையில் அடங்கும் வரை அசையாமல் நில்லுங்கள், அடங்கிய பிறகும் மூன்று மூச்சு. கைதட்டல் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சரி.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம் பேசாமல் இருப்பது. இதுதான் கஷ்டம், எல்லோரும் கிட்டே வந்து கேள்வி கேட்பார்கள், "இது என்ன ராகமுங்க" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு நண்பரை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்டுக்கொண்டே ஜமக்காளத்தை உதறி மடியுங்கள். தரையில் ஒட்டிய டேப்பை உரித்து எடுங்கள். வீட்டுக்குப் போவதற்குள் நோட்டில் எழுதிவிடுங்கள்: அறையின் நீள அகலம், எத்தனை பேர் வந்தார்கள், கைதட்டல் அடங்க எத்தனை நொடி, எந்தச் சுருதியில் சுவர் பேசியது, எந்த மூலையில் நின்றபோது குரல் செத்துப்போனது. அடுத்த தடவை அதே அறைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கைதட்டிப் பாருங்கள்.